சுவரைத் தடவிப் பார்த்தவர்

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஹவுஸ் ஓனர் தினமும் மாலையில் மாடியேறி வருவார். முறுக்கிய மீசை, மடிப்புக் கலையாத சட்டை. என் இரண்டு பையன்களும் எங்காவது கிறுக்கியிருக்கிறார்களா என்று, துப்பறிய வந்தவரைப் போலச் சுவரை விரலால் தடவிப் பார்ப்பார்.

அன்று கதவுக்குப் பின்னால் சின்னவன் வரைந்திருந்த ரயில் அகப்பட்டுவிட்டது.

“எனக்கும் ரெண்டு பசங்கதாம்மா. கண்ண உருட்டுனா போதும், மூலையில உக்காந்துக்கினு இருப்பானுங்க. செவுத்துல ஒரு கோடு கெடையாது.”

“இப்ப போன் பண்ணிப் பேசுறாங்களா சார்?” குத்திக்காட்டத்தான் கேட்டேன்.

“வாரா வாரம் பண்றானுங்க,” என்றார் பெருமையாக. “அவங்க அம்மாகிட்ட பேசுவானுங்க.”

ரயிலை அழிக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தாம் சொன்னது அவருக்கு உறைத்ததா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.