சுரங்க ஊரில் ஒரு செனட்டரைத் தேடி

சென்ற சனிக்கிழமை வுப்பர்டாலில் இருந்து ஆஹென் பக்கம் தனியாகப் போய் வந்தேன். தோழியோடு படிக்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொன்னேன். எனக்குப் பதினாறு வயது. எல்லோரும் தூங்கியபின், திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நகர இளையோர் மன்றத் தேர்தலில் நிற்க எனக்கு ஆசை. படிவத்தில் அப்பா கையெழுத்திட வேண்டும். வியாழன் கடைசி நாள். இலங்கையில், எங்கள் ஊரில், அப்பாவின் அண்ணன் மாணவர் சங்கத்தில் பெயர் கொடுத்தார். பிறகு ஒருநாள் அவர் வீடு திரும்பவேயில்லை. அதிலிருந்து எந்தப் பட்டியலிலும் பெயர் கொடுக்க அப்பாவுக்குப் பயம். என் நூலக அட்டைக்கே இரண்டு நாள் யோசித்தவர்.

காலை 9.10க்கு ரயில். ஆஹெனுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பிறகு பேருந்தில் முப்பத்தைந்து நிமிடம். பள்ளிப் பயணச்சீட்டு இரண்டுக்கும் போதும். பழைய நிலக்கரிச் சுரங்க அலுவலகத்தில் ஒரே அறைக் கண்காட்சி. பெரியவர்களுக்கு மூன்று யூரோ, மாணவருக்கு இலவசம்.

அது இத்தாலிய நாடாளுமன்ற மேலவையில் பின்னாளில் செனட்டரான ஒருவரைப் பற்றியது. இரண்டாம் உலகப் போரில், சிப்பாயாக இருந்தபோது, ஜெர்மன் படை அவரைப் பிடித்தது. தங்களோடு சேர்ந்து போரிடச் சம்மதித்துக் கையெழுத்திடச் சொன்னது. அவர் மறுத்தார், இந்தச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்து ஊர் திரும்பியபின் ஆறு ஆண்டுகள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லையாம், பயத்தில். பிறகு தொழிற்சங்கம், ஊராட்சி, மேயர் பதவி. செனட் தேர்தலில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வென்றார். வென்ற நாளின் படத்தைவிட அந்த ஆறு வெற்று ஆண்டுகளைச் சொல்லும் பலகையின் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

திரும்பும்போது பேருந்து ஓட்டுநர் தமிழர்.

"தமிழோ? எந்த ஊர் பிள்ளை?"

வுப்பர்டால் என்று சொல்லியிருக்கலாம். பிறந்தது அங்கேதான். ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான், அப்பா பிறந்த ஊர். "கரவெட்டி" என்றேன். அப்பாவின் பெயரையும் கேட்டார். அதையும் சொல்லித் தொலைத்தேன்.

"அட, கோயில்ல ஒலிபெருக்கி கட்டுறவற்றை மகளோ! வெள்ளிக்கிழமை அவரைக் காணுவன்."

"அண்ணை, நான் வந்தது அப்பாவுக்குத் தெரியாது."

"ஏன், பெடியன் ஆரும்? காதலோ?"

"இல்லை அண்ணை. ஒரு செனட்டர். செத்துப்போனார்."

"உயிரோட ஒரு பெடியன் எண்டால் கொப்பர் தாங்குவார். அரசியல் தாங்கமாட்டார்." சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "வெள்ளி வரைக்கும் நான் வாய் திறக்கமாட்டன். அதுக்குள்ள நீரே சொல்லும்."

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை இரண்டு மணிக்கே அறையைப் பூட்டிவிடுவார்கள். பேருந்து மணிக்கு ஒன்றுதான். சாப்பாடு கொண்டுபோங்கள். முடிந்தால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்பாவின் பயம் பொய்யில்லை. அந்த செனட்டருடையதும் பொய்யில்லை. அதை வைத்துக்கொண்டே அவர் பிறகு மேடை ஏறியிருக்க வேண்டும்.

இப்போது திங்கள் விடியற்காலை 3.50. அப்பா நாலரைக்கு வேலைக்கு எழும்புவார். படிவத்தைச் சமையலறை மேசையில், அவர் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். போய் எடுத்துவிட இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. எடுக்கமாட்டேன்.