அவர் ஆட வந்தால் நான் வெளியே

தை மாதம் எனக்குக் கல்யாணம். செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு, ஆரம்பப் பள்ளி வாத்தியார் வீட்டு மருமகளாகப் போனேன். போன நாலாம் நாள் மெட்ராஸில் டெஸ்ட் மேட்ச். வீட்டுக்காரர் டிரான்சிஸ்டரை ஜன்னலில் வைத்துவிட்டு அதன் கீழே உட்கார்ந்தார். எனக்கு கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது. நான் ஒன்பதாவது வரை படித்த பள்ளியில் பெண்களுக்கு ரிங் பால்தான்.

வீட்டுக்காரர் உயிரையே வைத்திருந்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். வெளிநாட்டிலெல்லாம் பேர் வாங்கியவர். அவர் மட்டையோடு வருகிறார் என்று ரேடியோவில் சொன்ன நேரம் பார்த்து நான் காபியோடு போய் நின்றேன். ரெண்டாவது பந்தில் அவுட். ஒரு ரன்கூட இல்லை.

"இன்னாடா ஆச்சு?" என்று அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"போய்ட்டாரும்மா."

"இவ வந்ததும் வராததுமா..." என்று ஆரம்பித்தவர், மீதியைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

புது மருமகளுக்கு ராசி பார்ப்பது எங்கள் பக்கத்தில் சகஜம். பசு கிடாரிக் கன்று போட்டால் அவள் ராசி. கிணறு வற்றினாலும் அவள் ராசிதான். இதைக் கேட்டேதான் நானும் வளர்ந்தேன். ஆனால் நான் கண்ணால் பார்த்திராத ஒருவர், எங்கேயோ மெட்ராஸில் பந்தை அடிக்காமல் விட்டதற்கு நான் என்ன செய்தேன்? யாரிடம் போய்க் கேட்பது?

ரெண்டு நாள் கழித்து அவர் மறுபடியும் ஆட வந்தார். "கொஞ்சம் அந்தாண்ட போய் இரேன்" என்றார் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே. சிரித்ததால் விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த பலா மரத்தடியில் போய் நின்றேன். அன்றைக்கு அந்த ஆட்டக்காரர் நூறு அடித்துவிட்டார். அதோடு என் விஷயம் முடிவாகிவிட்டது.

மூன்று வருஷம் இப்படியே போனது. மேட்ச் வெளிநாட்டில் நடந்து, இங்கிலீஷில் கரகரவென்று கேட்டாலும் சரி, "வர்றாரு" என்று குரல் வந்தால் நான் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். சோறு பாதி வெந்திருக்கும். மாமியார் பார்த்துக்கொள்வார். வீட்டுக்காரர் ஒரு நாள்கூடக் கோபமாகச் சொன்னதில்லை. மழை வந்தால் குடையை எடுத்துக் கையில் கொடுப்பார். அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். வெறுப்பாகச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்.

பக்கத்துக் கொல்லையில் சாமை போட்டிருந்த மலைக்காரர் என்னை மரத்தடியில் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா வாத்தியாரம்மா, இன்னிக்கும் வெளியவா? எங்க கொல்லையில வந்து நில்லேன். சாமைய மேய காட்டுப் பன்னி வருதா இல்லியான்னு பாக்கலாம்."

அவர் பெண்சாதி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது அழுகை வரும்.

நாலாம் வருஷம் முழுகாமல் இருந்தேன். அப்போதுதான் அந்த நினைப்பு உள்ளே புகுந்தது. எங்கேயோ இருக்கிற மனிதரையே கெடுக்கிற ராசி என்றால், வயிற்றிலேயே இருக்கிற குழந்தையை என்ன செய்யும்? திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "எல்லாம் நல்லாத்தான கீது, ஏன் மூஞ்சி இப்படி கீது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அடுத்த மேட்சின்போது மாமியார் ஊரில் இல்லை. வாசல் வழியாக வெளியே போய், பின்பக்கமாகத் திரும்பி வந்து, புளி மூட்டைகள் அடுக்கியிருந்த உள்ளறையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆட்டக்காரர் சீக்கிரம் அவுட்டானால் என் பயம் நிஜம். ஆகாவிட்டால் பொய். அவ்வளவுதான் என் கணக்கு.

முப்பது என்றார்கள். ஐம்பது என்றபோது ரேடியோவில் கைதட்டல் கேட்டது. கால் மரத்துப்போனது. எண்பதுக்கு மேல் தும்மல் வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். நூறு அடித்ததும் வீட்டுக்காரர் கத்திய சத்தத்தில் எழுந்து வெளியே வந்தேன்.

"எங்க இருந்த?"

"உள்ளதாங்க. அவரு ஆட வந்ததுல இருந்து."

என்னையே பார்த்தார். இனி ராசிப் பேச்சே இருக்காது என்று நான் காத்திருந்தேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"உள்ளன்னா, எந்த எடத்துல?"

"புளி மூட்டை பக்கத்துல."

"எந்தப் பக்கம் பாத்து ஒக்காந்திருந்த?"

அந்த மேட்சிலேயே அவர் மறுபடியும் ஆட வந்தபோது, வீட்டுக்காரர் எனக்கு முன்னால் போய் மூட்டைப் பக்கத்தில் தலையணை போட்டு வைத்திருந்தார். நான் நல்ல ராசியாகிவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் அசைந்தாலும் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று இருந்தது. பெண் குழந்தை பிறந்து, நன்றாகப் பாலும் குடித்தபிறகுகூட, ரேடியோ சத்தம் கேட்டால் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள், அந்த ஆட்டக்காரர் இனி ஆடமாட்டார் என்று செய்தியில் சொன்னார்கள். வீட்டுக்காரர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்த ஆட்டக்காரர் இல்லாமல் ஒரு மேட்ச் நடந்தது. ரேடியோ போட்டதும் நான் பழக்கத்தில் எழுந்து உள்ளறைக்கு நடந்தேன்.

"நீ எங்க போற? அதான் அவரு இல்லியே."

அன்றைக்குத்தான் கேட்டேன். "நெசமாவே என் ராசின்னு நெனச்சீங்களா?"

"ஏன், நீ நம்புனியா?" என்று ஆச்சரியமாகப் பார்த்தார். "நான் மட்டும் இன்னா, ஒரு காலை மடிச்சு ஒக்காந்தா மதியம் வரைக்கும் எடுக்கமாட்டேன். அவரு எங்கயோ ஆடறாரு. நம்ம பங்குக்கு எதனா பண்ணணும்னு இருக்கும்."

"வயித்துல புள்ளைய வெச்சுக்கினு நான் பயந்து செத்தேங்க."

"இன்னா பயம்?"

சொன்னேன். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். பிறகு பாயில் நகர்ந்து, "இங்க ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். யார் பந்து போடுகிறார்கள், யார் அடிக்கிறார்கள், எதுவும் விளங்கவில்லை. அவுட் என்று சொன்னபோது மட்டும் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தேன்.