ராசிங்காபுரத்துல நான் வளத்த கேரட்டு

இன்னிக்குக் காலைல ராசிங்காபுரத்துல ஒரு திரையைத் திறந்தேன் மக்களே.

திறந்திருக்கக் கூடாது!

மொதல்ல இருந்து சொல்றேன்.

போடில நான் போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். (ஆதார் கார்டுல நீங்க அப்படி இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல.)

ராசிங்காபுரத்துல ஜெயா அக்கான்னு ஒருத்தங்க, விவசாயம் படிச்சவங்க. அப்பா அம்மா ஜீப்பேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போற வீட்டுப் பிள்ளைக, பிளஸ் டூவோட நின்னுபோன பிள்ளைக, இவங்களுக்கு ஞாயித்துக்கிழமையானா வயல்லயே வகுப்பு எடுக்கிறாங்க. ஆளுக்கு ஒரு பாத்தி. கூடவே ஆளுக்கு ஒரு வழிகாட்டி. காலேஜு அப்ளிகேஷன் போட, பேங்குல பேச, பயந்தா தைரியம் சொல்ல.

நான் போட்டோ எடுக்கத்தான் போனேன். ஒரு வழிகாட்டி கொறையுதுன்னு என் பேர எழுதிட்டாங்க!

எனக்கு வந்தது பேச்சி. பத்தொம்பது வயசு. ரெண்டு வருசம் அம்மாகூட மலைல ஏலக்காய் எடுத்த பொண்ணு. விவசாய டிப்ளமோ படிக்கணும்னு ஆசை.

அவ பாத்தில போட்டது கேரட்டு.

"மலைக் காய் இங்க கீழ வருமா புள்ள?"னு எல்லாரும் சிரிச்சாங்க.

"குளிர் மாசத்துல வரும். பாருங்க"ன்னா. அம்புட்டுதான்.

செடி வெரலு ஒசரம் வந்த நேரம், அவ அம்மா சரிவுல வழுக்கிக் கால் ஒடஞ்சு போச்சு. அவங்க வேலைக்கு இவ போயாகணும். ஒன்றரை மாசம்.

"அண்ணே, தண்ணி ஊத்துங்க, களை எடுங்க. வேற சோலி இல்ல."

"நீ போயிட்டு வா பேச்சி. என் பிள்ள மாதிரி பாத்துக்கிறேன்!"

பாத்துக்கிட்டேன்யா. தெனமும் காலைல வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுனேன். நோஞ்சானா இருந்ததெல்லாம் களைன்னு புடுங்குனேன். தளதளன்னு இருந்தத தடவிக் குடுத்து வளத்தேன்.

இடுப்பு ஒசரம் வந்துருச்சு! வெள்ளையா பூ வேற! (பூ மேல, கேரட்டு கீழன்னு எனக்குத் தெரியாதா என்ன.)

கண்ணு பட்டுரும்னு ஸ்டுடியோ திரையைக் கொண்டுபோய்ச் சுத்திக் கட்டுனேன். அருவி படம் போட்டது. ஜெயா அக்கா கேட்டா, "காடு மாதிரி இருக்குக்கா, சஸ்பென்ஸ்!"னு அனுப்பிருவேன்.

நடுவுல ஒரு வாரம் கையெல்லாம் ஒரே அரிப்பு. நீ வாங்குன புது சோப்புதான் காரணம்னு வீட்டுக்காரிகூட சண்டையே போட்டேன்.

இன்னிக்கு நிலத்துக்காரரு வந்தாரு. சின்னச்சாமி ஐயா. அந்த அரை ஏக்கரு அவரு சும்மா குடுத்தது. பிடிச்சிருந்தா இன்னொரு வருசம் குடுப்பாரு, இல்லன்னா வகுப்பே இல்ல. பன்னெண்டு பிள்ளைகளும் மூச்சு விடாம நிக்குது.

பேச்சியும் மலைல இருந்து ஜீப்பு புடிச்சு நேரா வயலுக்கே வந்துட்டா. கையில துணிப்பை, கண்ணெல்லாம் தூக்கம்.

நான் ஸ்டைலா திரையை இழுத்தேன்.

கைதட்டு வரும்னு திரும்பி நின்னேன்.

ஐயா குனிஞ்சு பாத்தாரு. "ஏம்மா, இது என்னது?"

பேச்சி பாத்தியப் பாத்தா. என்னையப் பாத்தா. திருப்பிப் பாத்தியப் பாத்தா.

"பார்த்தீனியம்யா."

"அப்ப கேரட்டு?"

"அண்ணே புடுங்கிட்டாங்க போல."

இப்ப சிரிப்பா சொல்றேன், ஆனா அந்த நிமிசம் அவ மொகத்தப் பாக்க முடியல. ஒன்றரை மாசம் மலைல குளிருல நின்ன பொண்ணு, இதை நெனச்சுத்தான் நின்னுருப்பா.

"ஐயா, தப்பு என்னுது. அந்தப் பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல"ன்னேன்.

ஐயா வரப்புலயே உக்காந்துட்டாரு. கோவம்னு நெனச்சேன். சிரிப்பு! கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு!

"இந்தச் சனியன ஒழிக்க நான் இருவது வருசமா பாடு படுறேன். தம்பி தண்ணி ஊத்தி வளத்துருக்காரு!"

பேச்சி மட்டும் சிரிக்கல. துணிப்பைய கையுறை மாதிரி கையில மாட்டிக்கிட்டு பாத்திக்குள்ள எறங்குனா. ஒண்ணொண்ணா விலக்கிப் பாத்துக்கிட்டே கடைசி மூலைக்குப் போனா. அங்க முள்ளு கெடக்கும், நான் அந்தப் பக்கமே போறதில்ல.

குனிஞ்சா. புடுங்குனா.

கேரட்டு!

சுண்டுவெரலு தண்டிதான். ஆனா செக்கச்செவேல்னு கேரட்டு! மொத்தம் ஏழு!

"ரெண்டு இலையும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். கசக்கி மோந்து பாருங்கய்யா, கேரட்டு வாசம் வரும். பார்த்தீனியத் தண்டுல சொனை இருக்கும். தொட்டாலே அரிக்கும்." பன்னெண்டு பேரும் சுத்தி நிக்க, பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டா!

(நான் நைசா கையப் பின்னாடி கட்டிக்கிட்டேன். சோப்பு பாவம்.)

ஐயா ஒண்ண வேட்டில தொடச்சு ஒரு கடி. மென்னாரு. நாங்க அவரு வாயவே பாக்குறோம்.

"இனிக்குது."

அப்புறம் ஜெயா அக்காகிட்ட, "அரை ஏக்கர் போதுமாம்மா? அந்தக் கெணத்து மேட்டையும் எடுத்துக்கங்க. அங்க இந்தப் பொண்ணு கேரட்டுப் போடட்டும்"னாரு.

பிள்ளைக போட்ட சத்தம் மலைல இருக்கிற குரங்கணிக்கே கேட்டுருக்கும்!

ஐயா ஒரே ஒரு கண்டிசன் போட்டாரு. "தம்பி கேமராவ மட்டும் தூக்கட்டும்."

கெளம்பும்போது பேச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லண்ணே. டிப்ளமோ இன்டர்வியூக்கு நீங்கதான் என்னைய தயார் பண்ணணும். அதுக்கு முன்னாடி நீங்க பத்து களை பேரு மனப்பாடம் பண்ணிட்டு வாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒப்பிக்கணும்."

கோரை, அருகு, சாரணை, நெருஞ்சி, குப்பைமேனி, மூக்கிரட்டை, பார்த்தீனியம். ஏழு தேறிருச்சு. இன்னும் மூணு வேணும்.

வீட்டுக்காரிகிட்ட கேட்டேன்.

"எட்டாவதா உங்க பேர எழுதுங்க"ன்னுட்டா!

இன்னும் ரெண்டு தெரிஞ்சவங்க வெரசா சொல்லுங்கப்பா!