வலி நின்ற பல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தங்கச்சி புருஷனிடமிருந்து போன்.

"மச்சான், ராணியால வாயத் தொறக்க முடியல. எச்சில்கூட முழுங்க முடியலங்குறா."

ராணி என் ஒரே தங்கச்சி. வட்டவளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். வயது முப்பத்தாறு. நான் ஹட்டனில் வாத்தியார். எங்கள் இருவருக்கும் நடுவில் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்... ஆனாலும் பேசுவதெல்லாம் போனில்.

நான் போய்ச் சேர்ந்தபோது, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான தன் லயத்துக் காம்பராவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது தாடையிலிருந்து கழுத்து வரை வீக்கம். தோல் சிவந்து பளபளத்தது. தொட்டால் கொதித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டொக்டர் முதலில் கேட்டது பல்லைப் பற்றி அல்ல, மூச்சைப் பற்றி. மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறதா? அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு பல்லுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. பல்லின் அடியில் கட்டிய சீழ் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. இன்னும் விட்டிருந்தால் தொண்டையை அடைத்திருக்கலாம் என்றார்கள். அன்றைக்கே கீறிச் சீழை எடுத்தார்கள். சேலைன் ஏற்றி மருந்து கொடுத்தார்கள். ஐந்து நாள் வார்டில் இருந்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பழைய போன் பேச்சு ஒன்று ஞாபகம் வந்தது. மூன்று மாதமாக ராணிக்குப் பல்வலி. கராம்பு வைத்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். பிறகு ஒருநாள் சொன்னாள் — வலி தானாகவே நின்றுவிட்டதாம். நான் என்ன சொன்னேன்?

நல்லதாகப் போயிற்று என்றேன். படித்தவன் சொன்ன யோசனை!

வீக்கம் வடிந்த பிறகு பல் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். டொக்டர் ஒரு சிங்களப் பெண், முப்பது வயதிருக்கும். ராணிக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். வைத்தியச் சிங்களம் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பல்லுக்குள்ளே மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் நரம்பும் இரத்தமும் வேர் நுனி வரை ஓடுகின்றன. சொத்தை வழியாகக் கிருமி நுழைந்தால் உள்ளே வீங்கும். சுற்றிலும் கெட்டியான பல், வீங்க இடமில்லை. அதுதான் அந்த உயிர் போகிற வலி. பிறகு நரம்பு செத்துவிடும். செத்த நரம்புக்கு வலி தெரியாது. ஆனால் கிருமி சாகவில்லை... உள்ளேயே பெருகி, வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகிறது.

"அப்ப வலி நின்னது நல்லதில்லையா?" ராணி என்னிடம்தான் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

இரண்டு வழி இருந்தது. பிடுங்கலாம். அல்லது வேர் சிகிச்சை — ரூட் கெனால். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேலே சின்னத் துளையிட்டு, செத்த நரம்பை எடுத்துவிடுவார்கள். ஊசி போன்ற கருவிகளால் குழாய்களைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, கடைசியில் இறுக்கமாக அடைப்பார்கள். அதற்கு மேலே ஒரு மூடி; நரம்பில்லாத பல் உடைந்துவிடக் கூடாதல்லவா? எல்லாப் பல்லையும் இப்படிக் காப்பாற்ற முடியாது, இதை முடியும் என்றார் டொக்டர்.

ராணி யோசிக்கவேயில்லை.

"பிடுங்கிரச் சொல்லுங்கண்ணே. எங்க லயத்துல யாரு இதெல்லாம் பண்ணியிருக்கா?"

ஏற்கெனவே எத்தனை பல் போயிருக்கிறது என்று டொக்டர் கேட்டார். நான்கு. எந்தப் பக்கம் மெல்லுகிறாய்? வலது பக்கம் மட்டும்தான். இடது பக்கம் கடைவாயில் ஒன்றுமில்லை.

இது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வாள். பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

குடும்பத்தில் வேறு யாராவது இந்தச் சிகிச்சை செய்திருக்கிறீர்களா என்று டொக்டர் என்னைக் கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை. செய்திருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன், ஹட்டனில் ஒரு தனியார் கிளினிக்கில். இன்றும் அந்தப் பல்லால்தான் மெல்லுகிறேன். சிங்களத்தில்தான் சொன்னேன். அந்த அளவுச் சிங்களம் ராணிக்குப் புரியும்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டொக்டர் பக்கம் திரும்பி, நான் இல்லாமலே, சிங்களத்தில் சொன்னாள் — செய்யுங்கள்.

மூன்று தடவை போனோம். முதல் தடவை ஊசி போடும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வலியில்லை. வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் நொந்தது. இரண்டொரு நாள் கடித்தால் கூசும் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. போன வாரம் குழாய்களை அடைத்தாகிவிட்டது. மூடி மட்டும் பாக்கி.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உதடு மரத்திருந்ததால் பேச்சு குழறியது.

"அண்ணே... பல்லப் பிடுங்காமலே வச்சிக்கலாம்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

நான் மறைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை. டவுனில் இருப்பவனுக்குச் சிகிச்சை, தோட்டத்தில் இருப்பவளுக்குக் குறடு... எனக்குள்ளே யாரோ அப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்த யாரோ நான்தான். எங்கள் அம்மாவுக்கு நாற்பது வயதில் முன்பல்கூட இல்லை. அதையும் வயசு என்றுதான் நினைத்துக்கொண்டோம்.

"தப்புதான் ராணி" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

உங்களில் யாராவது பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறீர்களா? இன்றைக்கே உங்கள் தங்கச்சிக்கு ஒரு போன் போடுங்கள்.