நைனா என்று தொடங்கும் வரிகள்

திருப்பதிக் கடையில் அன்று இருந்தவர்கள்: பழைய கம்ப்யூட்டர் பார்க்கும் மெக்கானிக். பில் போடும் அவர் மனைவி. சித்தூரிலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்த என் தங்கை. நான். மேசை மேல் என் மகளின் கம்ப்யூட்டர்.

மகள் காய்ச்சலில் போய் நான்கு வருஷம். அவள் வேலை செய்த ஆபீசில் வேண்டாம் என்று கழித்த பெட்டி அது. வெள்ளையாக இருந்து மஞ்சளானது. "எனக்கும் இதுக்கும் ஒரே வயசு நைனா" என்று தூக்கி வந்தாள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். மாங்காய்க் கூழ் ஃபேக்டரியில் டப்பா அடுக்குகிறேன். சுவிட்ச் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வரிகள் வந்து நிற்கும். பெட்டி திறந்ததும் தானாகப் படிக்கிற பட்டியல் ஒன்று உள்ளே உண்டாம். அதில் அவள் எழுதி வைத்தாள்.

"இங்கிலீஷ் எழுத்து, நம்ம பேச்சு. உனக்குத்தான். நீயே கத்துக்கினு படி."

"நீயே சொல்லேன்."

"சொல்லமாட்டேன் போ. ஆயிரம் டப்பா எண்ணத் தெரியுது. இருபத்தாறு எழுத்து வராதா உனக்கு?"

அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

அவள் போன பிறகு தினமும் காலையில் சுவிட்ச் போட்டேன். வரிகளை எண்ணினேன். முதல் வார்த்தையை மட்டும் கற்றுக்கொண்டேன். நைனா. இங்கிலீஷில் மூன்றே எழுத்து, மாறி மாறி வரும். எல்லா வரியும் அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொன்றின் கீழும் ஒரே மாதிரி இன்னொரு வரி வந்தது. கடிதத்தின் அடியில் 'இப்படிக்கு மகள்' என்று போடுவார்களே, அதுவாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். யாரிடமும் படிக்கச் சொல்லவில்லை. நீயே படி என்றாளே.

போன மாதம் பெட்டி திறக்கவில்லை. சித்தூரில் இரண்டு கடையில், எடைக்குப் போடச் சொன்னார்கள். திருப்பதிக்குக் கொண்டுபோய் இவரிடம் விட்டோம். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். வந்தோம்.

சுவிட்ச் போட்டுக் காட்டினார். திறந்தது. வரிகள் இல்லை.

"உள்ள சின்ன பேட்டரி போயிருந்துச்சுண்ணா. மாத்திட்டேன். ஸ்டார்ட் ஆவும்போது ஏழு எரர் வேற வந்துக்கினு இருந்துச்சு. அதையும் எடுத்துட்டேன். இப்ப க்ளீன்."

"இன்னா எரர்?" என்றேன்.

"யாரோ நைனா நைனான்னு எழுதி வச்சிருக்காங்க. முன்னாடி எக்கோன்னு ஒரு வார்த்தை போட்டாத்தான் அது வெறும் பேச்சுன்னு பெட்டிக்குத் தெரியும். போடலன்னா பெட்டி அத கட்டளைன்னு நெனச்சுக்கும். இந்தக் கட்டளை எனக்குத் தெரியாதுன்னு ஒவ்வொண்ணு கீழயும் சொல்லிக்கினே இருந்துச்சு."

அந்தக் கீழ் வரி அவளுடையது இல்லை.

"எங்கண்ணன் பொண்ணு எழுதனதுய்யா அது," என்றாள் தங்கை. "செத்துப்போன பொண்ணு."

மெக்கானிக் பெட்டி மேலிருந்த கையை எடுத்துவிட்டார். அவர் மனைவி தெலுங்கில், "அடகாலி கதண்டி" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். கேட்க வேண்டாமா என்று.

ஒரு மணி நேரம் ஏதேதோ தட்டிப் பார்த்தார். வேர்த்தது அவருக்கு. அதே பட்டியல் மேல் சேமித்துவிட்டேன், பழையது வராது என்றார்.

"நெனப்பு இருக்கறதச் சொல்லு."

"நைனா துன்னியான்னு ஒண்ணு. நைனா மாத்திர போட்டியான்னு ஒண்ணு. மத்தது படிக்கலண்ணா. எரர்தானேன்னு..."

"அந்த ரெண்டையும் போடு."

"எக்கோ சேத்துடறேன். கீழ எரர் வராது."

"வேணாம். அவ போட்ட மாதிரி போடு."

போட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். தங்கை சந்திரகிரி வரை அழுதாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். பிறகு சுவிட்ச் போட்டேன். வரிகளை எண்ணினேன்.

ஏழில் இரண்டு.