ஒழுகாத தொட்டி

அம்மிணி, தம்பி, நீங்கள் போனில் அனுப்பிய செய்தித்தாளின் இரங்கல் பக்கத்தைப் படித்தேன். "அப்பா, இது நம்ம தவளையம்மாதானுங்களே?" என்று கேட்டிருந்தீர்கள். அவர்தான். பட்டுச்சேலை கட்டிய அந்தப் போட்டோவில் எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. நாம் பார்த்த அம்மா எப்போதும் ரப்பர் பூட்ஸும் ஸ்வெட்டரும் தலையைச் சுற்றிய மப்ளருமாகத்தானே இருப்பார்.

அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மை. எல்லோரும் யானை, புலி என்று காட்டுக்குள் போன காலத்தில், தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் உயிர்கள் இருக்கின்றன என்று வந்து பார்த்தவர் அவர். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, லீவு விட்டால் பஸ் ஏறி மலைக்கு வந்துவிடுவார். பைக்காரா பக்கம், ஓவேலி பக்கம், நம் பிக்கட்டி பக்கம் என்று ஓடை ஓடையாக நடந்திருக்கிறார். பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் 'தவளைக்கு ஒரு படிப்பா?' என்று சிரித்தார்களாம். ஓடை கெட்டுப்போனால் முதலில் அடங்குவது தவளைச் சத்தம்தான் என்று அவர் அன்றைக்குச் சொன்னதை, இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குப் போகவில்லை. குன்னூரில் வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கிவிட்டார்.

கடைசிப் பத்தியில்தான் என் மனசு நின்றுவிட்டது. அவர் முதன்முதலில் கண்டுபிடித்த சின்னத் தவளை இப்போது எங்கேயும் தென்படுவதில்லை, தோட்டங்கள் பெருகியதே காரணம் என்று போட்டிருக்கிறார்கள். பாதிக் கதைதான் அது. மீதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் நீங்களும் இருக்கிறீர்கள்.

நாம் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே மேட்டில் கருங்கல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா, அதன் அடியில் முன்பு ஒரு வெடிப்பு இருந்தது. இரவும் பகலும் அதில் தண்ணீர் கசிந்து கீழே பள்ளத்தில் இறங்கும். கோடையிலும் அங்கே பாசி காயாது. கட்டைவிரல் நகம் அளவு அந்தத் தவளை மற்ற ஓடைகளில் எல்லாம் இல்லாமல் போய், அம்மாவுக்குத் தெரிந்து மிச்சம் இருந்தது அந்தப் பள்ளத்தில் மட்டும்தான். சாயங்காலம் பனிமூட்டமாக மஞ்சு இறங்கும்போது அம்மா வந்து பள்ளத்தின் ஓரத்தில் குந்திக்கொள்வார். யாராவது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல இருக்கும் அந்தத் தவளைச் சத்தம்.

இலை எடுத்துவிட்டு வரும் பெண்களுக்கு அவரைச் சீண்டாமல் போக முடியாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் அதில் முதல் ஆள்.

"ஏனுங்கம்மா, இன்னிக்குத் தவளை என்னங்க சொல்லுச்சு?"

"உங்க ஊட்டுக்காரரு நேத்து எந்த வழியா ஊடு வந்து சேந்தாருன்னு சொல்லுச்சுங்க."

"அய்யோ சாமி, அத அதுககிட்டயும் கேக்கோணுமாக்கும்!" என்று கூட்டமே சிரித்துக்கொண்டு போகும்.

ஆனால் நீங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த ஒரு வருடக் கோடை சிரிப்புக்கு இடம் வைக்கவில்லை. எஸ்டேட்டில் மோட்டார் போடுவதும் பைப் பார்ப்பதும் என் வேலை. காலையில் நான் ஏற்றும் தண்ணீரில் பாதி வெடிப்பு வழியாகப் போய்விடும். கீழ் லைன் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. உங்களைக் குளிப்பாட்ட உங்கள் அம்மா ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்தாள். கடைசியில் தொட்டியைப் பூச மேனேஜர் சம்மதித்தார். ஆனால், "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கப்பா. அவங்க வேண்டாம்னா வேற ஏதாச்சும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

வேறு ஏதாச்சும் என்றால் இன்னொரு கோடை என்று எங்களுக்குத் தெரியும்.

தவளையம்மா வந்தார். நான் சிமெண்ட்டும் கரண்டியுமாக நிற்கிறேன். பெண்கள் காலிக் குடங்களோடு சுற்றி நிற்கிறார்கள். பெரியம்மாவின் குரலில் அன்றைக்குக் கேலி இல்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா. அதுகளுக்குத் தண்ணி இருக்குது. எங்க புள்ளைகளுக்கு இல்லைங்க."

அம்மா பள்ளத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க நடந்து நடந்து கண்டுபிடித்த உயிர் அதற்குள் இருந்தது. கீழ் லைன் வாசலில் நீங்கள் இருவரும் மற்றப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தீர்கள். அவர் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு மப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அடைச்சிருங்க. நல்லா அடைங்க. அரைகுறையா அடைச்சீங்கன்னா மறுபடியும் இவங்கதான் குடம் தூக்கோணும்."

நன்றாகத்தான் அடைத்தேன். மாலையே கீழ் லைன் குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தார்.

அடுத்த மழைக்கு வந்து உட்கார்ந்தார், ஒன்றிரண்டு சத்தம் கேட்டது. அதற்கடுத்த மழைக்கும் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்தும் ஒரு சத்தமும் கேட்கவில்லை, எழுந்து பஸ்ஸுக்குப் போனார். அதன்பின் பெரியம்மாகூடத் தவளையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள்.

அன்றைக்குச் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நீங்கள் வளர்ந்தீர்கள். என் வருத்தம் வேறு. போன வருடம் பிக்கட்டியில் ஒரு வீட்டுக்கு பிளாஸ்டிக் டேங்க் மாட்டினேன். நிரம்பி வழியும் தண்ணீர் வீணாகாமல் பூச்செடிக்குப் போகட்டும் என்று ஒரு டியூபைப் போட்டுவிட்டேன். சும்மா செய்த வேலை. ஸ்பேனரைப் பையில் போடும்போதுதான் உறைத்தது. மோட்டார் ஓடும்போது நம் தொட்டியும் நிரம்பி வழிகிறது, அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. அதைப் பள்ளத்துக்குத் திருப்பியிருந்தால் போதுமே! வெடிப்பை அடைப்பதா வேண்டாமா என்று மட்டுமே அன்றைக்கு எல்லோரும் நின்றோம். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இதைச் சொல்லத்தான் குன்னூருக்குப் போனேன். படுக்கையில் இருந்தார். மூச்சு வாங்கியது. என்னைக் கண்டதும் அவர்தான் முதலில் கேட்டார்.

"தொட்டி ஒழுகலையேங்க?"

"இல்லைங்கம்மா. சொட்டுக்கூட இல்லைங்க."

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த டியூப் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டுமா, சொல்லாமல் விட்டது நல்லதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் செய்தி வந்த மறுநாள், மோட்டாரைப் போட்டுவிட்டு நான் மட்டும் மேட்டுக்கு ஏறினேன். பள்ளம் காய்ந்து செடி மூடிக் கிடந்தது. தொட்டி நிரம்பினால் தண்ணீர் வெளியே வழியும் குழாயில் ஒரு மெல்லிய டியூபைச் செருகி, கம்பியால் இறுக்கிக் கட்டி, அதன் நுனியை அவர் உட்காரும் கல்லுக்குக் கீழே விட்டேன். தொட்டி நிரம்பும் வரை அங்கேயே நின்றேன். தண்ணீர் வந்து கல் நனைந்ததும் மோட்டாரை நிறுத்தக் கீழே இறங்கினேன்.