கல்யாண அடுப்பில் தண்ணீர் ஊற்றிய எங்கள் அண்ணன்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இன்று படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம். "பிறந்தாரு, உழைச்சாரு, போயிட்டாருன்னு அடக்கமா ஒரு பக்கம் எழுதிக் குடும்மா" என்று சித்தப்பா சொன்னார். நானும் பலமுறை உட்கார்ந்தேன், எழுந்தேன். ஓரிடத்தில் கால் தரிக்காத மனிதரைப் பற்றி நிதானமாக எழுத எனக்கு வரவில்லை. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ஆம்பூரில். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் கூலி, அம்மா பீடி சுற்றினார். அப்பா திடீரென்று காலமானதும் அதே ஷாப்பில் மூட்டை இறக்கும் வேலைக்கு அண்ணன் போனார். அங்கேதான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து தோலுக்கான கெமிக்கல் பீப்பாய்கள் கப்பலில் வரும்போது அடியில் ஒரு மரத்தட்டு வரும். பேலட் என்பார்கள், எங்கள் பக்கம் கப்பல் கட்டை. பீப்பாயை இறக்கியதும் அதை உடைத்து பாய்லரில் போட்டுவிடுவார்கள். மறுபக்கம், பதனிட்ட தோலை மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்பப் புது மரம் வாங்கித் தட்டு அடிப்பார்கள்.

"வர்றதை எரிக்கிறாங்க, போறதுக்கு மரம் வாங்குறாங்க. இன்னாடா பேஜார் இது?" என்று வீட்டில் சோற்றுத் தட்டோடு நடந்துகொண்டே கத்துவார். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் பைபாஸ் பக்கம் ஒரு காலியிடத்தில் மர டிப்போ போட்டார். பழைய பேலட்டுகளைக் கழற்றி, ஆணியைப் பிடுங்கி, தண்டவாளத் துண்டின்மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தி, நல்ல பலகைகளைச் சேர்த்து மறுபடி பேலட் அடித்துக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார். எங்கே போனாலும் மரத்தின்மேல்தான் கண். பெண் பார்க்கப் போன வீட்டில் உட்காரச் சொன்ன பெஞ்சைக் கவிழ்த்துப் பார்த்தவர் அவர். "என்னைப் பாக்கவே இல்ல, பெஞ்சைத்தான் பாத்தாரு" என்று அண்ணி இன்றும் சொல்வார்.

பேலட்டுக்கு ஆகாத உடைசல் பலகைகள் விறகாகப் போகும். கல்யாண வீடென்றால் ஒரு வண்டிக் கட்டை எங்கள் டிப்போவின் மொய். ஆனால் கெமிக்கல் ஒழுகி மஞ்சளும் பச்சையுமாகக் கறை ஏறிய பலகைகளை அண்ணன் யாருக்கும் தரமாட்டார். அதைத் தொட்டவர்கள் கையில் கொப்புளம் வந்ததைப் பார்த்திருந்தார். விற்கவும் மனமில்லை, எரிக்கவும் பயம். அக்கம்பக்கத்தார் அடுப்புக்கு எடுத்துப் போகாதபடி அந்தக் குவியலைத் தார்ப்பாயால் மூடி, மேலே கல் வைத்திருந்தார்.

பஷீர் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். ஷாப்பில் ஸ்டோர் பார்த்தவர், அண்ணனின் உயிர்த் தோஸ்த். டிப்போவுக்கு முதல் பேலட்டை ஏற்றி அனுப்பியவரே அவர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் தங்கை ஷமீமுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பேரணாம்பட்டு. வழக்கம்போல அண்ணன் ஒரு வண்டிக் கட்டை அனுப்பச் சொல்லியிருந்தார்.

அம்மாவும் நானும் காலையிலேயே போய்விட்டோம். பந்தலுக்குப் பின்னால் வரிசையாக அடுப்புகள், மேலே பிரியாணி தேக்சாக்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய நேரம், அண்ணன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். ட்ரம்மிலிருந்த தண்ணீரை வாளி வாளியாக மொண்டு அடுப்புகளில் ஊற்றினார். பந்தல் முழுக்கப் புகை.

"யோவ், பைத்தியமா உனக்கு? கறி பாதி வேக்காட்ல இருக்குது!" என்று சமையல் மாஸ்டர் கரண்டியை ஓங்கினார்.

"கட்டை மாறிப்போச்சு மாஸ்டர். கெமிக்கல் ஊறின கட்டை வந்துட்டுது. இந்தப் புகையில வெந்ததை யாருக்கும் போடாதீங்க."

முந்தின நாள் பெய்த மழையில் நல்ல குவியல் நனைந்திருந்தது. வண்டி ஏற்றியவர் புது ஆள். "தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்துச்சு. கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்ச நல்ல கட்டைன்னு நெனச்சேன்ணா" என்று பின்னால் அழுதார். நனைந்ததில் தேறியதையும் சேர்த்தே ஏற்றியிருந்தார். கல்லும் தார்ப்பாயும் தரையில் கிடந்ததைப் பார்த்துத்தான் அண்ணன் ஓடிவந்திருக்கிறார். அண்ணன் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பஷீர் பாய் அண்ணனின் கையைப் பிடித்துக் கேட்டார்: "எல்லாக் கட்டையும் அதானா?"

"தெரியலடா. கலந்துட்டுது."

"சாப்பிட்டா ஏதாவது ஆவுமா? நிச்சயமா சொல்லு."

"தெரியாது. ஆவாதுன்னு என்னால சொல்ல முடியல."

பஷீர் பாயின் அப்பா அண்ணனின் சட்டையைப் பிடித்தார். "நிக்காஹ் வூட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்டியே, நீ இன்னா மனுஷன்?" வெளியிலிருந்து விறகு வந்து, வேறு கறி வாங்கி, சோறு பரிமாறச் சாயங்காலம் ஆகிவிட்டது. நிக்காஹ் நடந்தது. ஆனால் மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர்கள் சிலர் சாப்பிடாமலே பஸ் ஏறினார்கள். அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் வேறென்ன?

அன்றோடு பேச்சு நின்றது. ஷாப்பிலிருந்து பேலட் வருவதும் நின்றது. அண்ணன் வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று கம்பெனி கம்பெனியாக அலைந்து தொழில் படுத்துவிடாமல் ஓட்டினார். எனக்கு வரன் பேச வந்த குடியாத்தத்தார்கூட, "அடுப்பை அணைச்சாரே, அவரு தங்கச்சியா?" என்றுதான் கேட்டார்கள். அந்த வீட்டுக்கே நான் வாழ்க்கைப்பட்டேன் என்பது வேறு கதை.

தொழிலில் விழுந்த அடியைக்கூட அண்ணன் தாங்கிக்கொண்டார். தோஸ்த்தை இழந்தது வீணுக்கோ என்ற கேள்விதான் அவரை அரித்தது. டாக்டரைப் பார்த்தாலும் வாத்தியாரைப் பார்த்தாலும், "அந்தச் சோத்தைத் தின்னிருந்தா இன்னா ஆயிருக்கும் சார்?" என்பார். யாராலும் சொல்ல முடியவில்லை. பஷீர் பாயின் தெருமுனை வரை சைக்கிளில் போவார், திரும்பிவிடுவார். "விடுங்கண்ணா, போதும்" என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் விடவில்லை.

பிறகு நுரையீரல் கெட்டது. மரத்தூளா, அந்தக் கறைப் பலகைகளா, வேறு ஏதாவதா என்று வேலூர் ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொல்லவில்லை. ஊரார் மூச்சுக்குப் பயந்தவர் தன் மூக்கில் ஒரு துண்டு கட்டியதில்லை. நினைவு மலரில் எழுதக்கூடாதுதான். இருந்தாலும் எழுதுகிறேன், அண்ணன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கடைசி வாரத்தில் பஷீர் பாய் ஷமீமை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். "அன்னிக்கு நான் ஊத்துனது..."

"கேக்காதடா. சரியா தப்பா, எனக்கு இன்னிக்கும் தெரியாது. எங்கப்பா சாவுற வரைக்கும் உன்னத் திட்டினாரு."

ஷமீம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆனா அண்ணா, அன்னியிலேர்ந்து எங்க வூட்டு அடுப்புல கப்பல் கட்டை வெக்க அப்பா விடல. எங்க தெருவுலயே யாரும் வெக்கிறதில்ல. பேரணாம்பட்டுல என் மாமியாரும் வெக்க மாட்டாங்க."

அண்ணன் பஷீர் பாயின் பக்கம் திரும்பினார். "பேசவே இல்லியேடா."

"பேசல. எரிக்கவும் இல்ல."

அன்று பிற்பகல் அண்ணன் தூங்கினார். பஷீர் பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணனை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், டிப்போவை மூடாமல் நடத்திவரும் தொழிலாளர்களுக்கும், ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும், இறுதி ஊர்வலத்தில் முதல் தோள் கொடுத்த பஷீர் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கள் வாசல் மிதிக்காமல், வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், வீட்டுக்குள் அண்ணன் சொன்னபடியே அடுப்பு மூட்டிய பஷீர் பாய் தெருவின் தாய்மார்களே, உங்களுக்கும் நன்றி. அண்ணன் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முன்பே இதை யாராவது ஒருவர் வந்து சொல்லியிருக்கலாம்.

குடும்பத்தார் சார்பில்,
தங்கை